ஆவணியில் பிறந்த மகளுக்கு

மன்னார்குடி
12.11.2025

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. நீ அனுப்பிய பட்டியல் கிடைத்தது. பிறப்புச் சான்றிதழ், மணமாகாதவள் என்று பெற்றோர் அளிக்கும் உறுதிமொழிப் பத்திரம், எங்கள் இருவருடைய ஆதார் நகல்கள் என மூன்று வரிகள் எழுதியிருந்தாய். அம்மாவின் முழங்கால் எப்படியிருக்கிறது என்று நான்காவதாக ஒரு வரி சேர்த்திருந்தால் குறைந்துவிடாது. எதற்காகக் கேட்கிறாய் என்றும் நீ எழுதவில்லை. வட்டாட்சியர் அலுவலகத்தில் முப்பத்திரண்டு ஆண்டுகள் மனுக்களைப் படித்தவனுக்கு, கேட்கப்படும் சான்றிதழைப் பார்த்தாலே கேட்பதன் காரணம் புரிந்துவிடும். அதைப் பற்றி நான் எதுவும் கேட்கப் போவதில்லை. காகிதங்களைப் பற்றி மட்டுமே எழுதுகிறேன்.

உன் அண்ணனிடம் சொல்லி அங்குள்ள விதிகளை எல்லாம் எடுத்துப் படித்தேன். வெளிநாட்டவர் ஒருவர் ஜெர்மனியில் மணம் முடிக்க வேண்டுமானால், அவருடைய சொந்த நாட்டுச் சட்டப்படி தடை ஏதும் இல்லை என்று அந்த நாடே ஒரு சான்று தர வேண்டுமாம். அதன் ஜெர்மன் பெயரை உன் அண்ணன் இரண்டு முறை வாசித்துக் காட்டியும் எனக்கு வாயில் நுழையவில்லை. இந்தியா அப்படியொரு சான்றைத் தருவதில்லை என்பதால், உங்கள் பகுதியின் உயர் மாநில நீதிமன்றத் தலைவரிடம் விலக்குக் கேட்டு விண்ணப்பிக்க வேண்டும் என்றும், அந்த விலக்கு ஆறு மாதங்களுக்குத்தான் செல்லும் என்றும் தெரிந்துகொண்டேன். ஆகையால் நாள் குறிப்பதில் அவசரப்படாதே. முதலில் ஸ்டாண்டஸாம்ட் எனப்படும் பதிவு அலுவலகத்திற்கு நேரில் சென்று, உன்னிடமிருந்து என்னென்ன வேண்டும் என்று எழுத்தில் வாங்கிக்கொள். வாய்ச்சொல்லை நம்பாதே. மூலச் சான்றிதழை யாரிடமும் கொடுத்துவிட்டு வராதே.

இங்கே ஒரு முகவர், ஒரு நாட்டின் சான்றிதழை வெளிநாடுகள் ஏற்பதற்கான அபோஸ்டில் முத்திரையைப் பத்து நாளில் வாங்கித் தருவதாகச் சொல்லிப் பணம் கேட்டார். நான் கொடுக்கவில்லை. இந்தியா 2005 முதல் அந்த முத்திரைக்கான பன்னாட்டு உடன்படிக்கையில் இருந்தாலும், நாம் சேர்ந்ததை ஜெர்மனி ஆட்சேபித்திருப்பதால் அந்த முத்திரைக்கு அங்கே மதிப்பில்லை. அதற்குப் பதிலாக, உங்கள் பதிவு அலுவலகம் கேட்டுக்கொண்டால், இங்குள்ள ஜெர்மன் தூதரகத்தார் ஒரு வழக்கறிஞரை அமர்த்தி, பிறப்புப் பதிவேட்டைப் பார்த்து, தேவைப்பட்டால் அக்கம்பக்கத்திலும் விசாரித்து அறிக்கை அனுப்புவார்களாம். இதற்குச் சில மாதங்கள் ஆகலாம். மூலச் சான்றிதழை யாரிடமும் கொடுத்துவிட்டு வராதே என்று மறுபடியும் சொல்கிறேன்.

அக்கம்பக்கத்து விசாரணை என்று படித்ததும் அம்மா அடுப்படிக்குள் போய்விட்டாள். 2019 வைகாசிக்கு அடித்த அழைப்பிதழ்களில் மீந்தவை இன்னும் பரணில்தான் இருக்கின்றன. கொடுத்தவற்றை நாம் வீடு வீடாகப் போய்த் திருப்பி வாங்கவில்லை. எதிர்வீட்டு மாமி, நீ அந்தப் பையனோடுதான் அங்கே குடியிருப்பதாக இன்றுவரை நினைத்துக்கொண்டிருக்கிறார். ஊரில் பேச்சு வேண்டாம் என்று நானும் அதைத் திருத்தவில்லை. வருகிற வழக்கறிஞரிடம் அந்த அம்மாள், "அந்தப் பெண்ணுக்கா, அதெல்லாம் எப்போதோ ஆகிவிட்டதே" என்று சொன்னால் உன் விண்ணப்பம் என்ன கதியாகும்? நேற்று மாலை நானே அவர் வீட்டுக்குப் போய், அந்தத் திருமணம் நடக்கவே இல்லை என்று சொல்லிவிட்டு வந்தேன். ஆறு ஆண்டுகளாகச் சொல்ல முடியாததைச் சொல்ல ஐந்து நிமிடம் போதுமானதாக இருந்தது. அவர் காப்பி கொடுத்தார்.

உறுதிமொழிப் பத்திரத்தை முத்திரைத்தாளில் தட்டச்சு செய்தாகிவிட்டது. "எங்கள் மகள் இன்றுவரை எவரையும் மணக்கவில்லை" என்ற வாக்கியத்தின் கீழ் நானும் அம்மாவும் நோட்டரியின் முன் கையொப்பமிட வேண்டும். அடுத்த பத்தியில், இன்னாரை மணக்க எங்களுக்கு ஆட்சேபணை இல்லை என்று வழக்கறிஞர் தாமாகவே ஒரு வரி சேர்த்து, பெயருக்கு இடம் விட்டிருக்கிறார். உன் பட்டியலில் அது கேட்கப்படவில்லை என்பதால் அடித்துவிடச் சொல்லலாம். சொல்லவில்லை. இடம் காலியாகவே இருக்கிறது.

இன்னொரு விஷயமும் சட்டத்தைப் பொறுத்ததுதான். 1969ஆம் ஆண்டின் வெளிநாட்டுத் திருமணச் சட்டப்படி, மணமக்களில் ஒருவராவது இந்தியக் குடிமகனாக இருந்தால் முப்பது நாள் அறிவிப்புக் கொடுத்து நம் தூதரகத்திலேயே மணம் முடிக்க வழியுண்டு. ஆனால் மணமக்களில் ஒருவர் ஜெர்மானியராக இருந்தால் அந்தத் திருமணத்தை ஜெர்மனி ஏற்காது. ஆகவே அவர் எந்த நாட்டவர் என்று தெரிந்தால்தான் நான் சரியான யோசனை சொல்ல முடியும். வேறு எதற்காகவும் கேட்கவில்லை.

டென்மார்க்கைப் பற்றியும் உன் அண்ணன் சொன்னான். ஜெர்மனியில் காகிதம் சேராதவர்கள் எல்லையை அடுத்த டோண்டர் என்ற ஊருக்கோ ஏரோ என்ற தீவுக்கோ போய் முடித்துக்கொள்கிறார்களாம். பெற்றோரின் உறுதிமொழியெல்லாம் இல்லாமலே உனக்கும் அங்கே காரியம் ஆகியிருக்கலாம். அது உனக்குத் தெரியாமல் இருக்காது. தெரிந்தும் எங்கள் கையொப்பத்தைக் கேட்டிருக்கிறாய் என்பதை அம்மாவிடம் இரண்டு முறை சொன்னேன்.

இனி எழுத வேண்டியதை நான்கு நாட்களாகத் தள்ளிப்போட்டு வருகிறேன். பிறப்புச் சான்றிதழ் வீடு மாறியபோது தொலைந்துவிட்டது என்று 2017இல் உன்னிடம் சொன்னேன் அல்லவா, அது தொலையவில்லை. நடு அலமாரியில், பாட்டியின் பட்டுப்புடவைக்கு அடியில் அன்றும் இருந்தது, இன்றும் இருக்கிறது. நீ 9.9.1993 அன்று பிறந்ததாக அதில் உள்ளது. உன் பத்தாம் வகுப்புச் சான்றிதழிலும் கடவுச்சீட்டிலும் இருப்பது 20.5.1993. ஆவணியில் பாயசம், மே மாதத்தில் அலுவலகத்தார் வாழ்த்து என்று நீயே சிரிப்பாய். அந்த மே மாதம் எப்படி வந்தது என்று நீ கேட்டதில்லை. 1998 ஜூனில் உன்னை ஒன்றாம் வகுப்பில் சேர்க்கப் போனபோது ஐந்து வயது நிறைந்திருக்க வேண்டும் என்றார்கள். ஓர் ஆண்டு வீணாகக் கூடாது என்று, விண்ணப்பத்தில் நான் என் கையாலேயே அந்தத் தேதியை எழுதினேன். ஊரில் பாதிப் பேர் செய்ததுதான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மற்றவர் மனுவில் ஓர் எழுத்துப் பிழைக்காக எத்தனை பேரைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன்!

2016 டிசம்பரில் கடவுச்சீட்டு விதியைத் தளர்த்தி, பிறந்த தேதிக்குப் பள்ளிச் சான்றிதழே போதும் என்று ஆக்கியபோது, தப்பித்தோம் என்று நினைத்தேன். இப்போது இந்த இரண்டு தாள்களும் அங்கே ஒரே மேசையில் சந்திக்கப் போகின்றன. இரண்டும் ஒருவருடையவை அல்ல என்று அவர்கள் சந்தேகித்தால் அது உன் குற்றமாகத் தெரியும். அது என் குற்றம். 2019லும் அப்படித்தான். இருபத்தாறு ஆகிறது, ஆகிறது என்று நாள் குறித்தவன் நான். உண்மைக் கணக்கில் அதற்கு இன்னும் மூன்று மாதங்களுக்கு மேல் இருந்தன. நீ வேண்டாம் என்று சொன்ன பிறகு இரண்டு ஆண்டுகள் தொலைபேசியை அம்மாவிடமே கொடுத்துக்கொண்டிருந்தவனும் நான்தான்.

வழக்கறிஞர் இரண்டு வழிகள் சொல்கிறார். பிறப்புச் சான்றிதழைக் காட்டி, மியூனிக்கில் உள்ள நம் துணைத் தூதரகத்தில் கடவுச்சீட்டின் தேதியைத் திருத்தக் கேட்கலாம். அப்படிச் செய்தால் உன் பட்டம், விசா, சம்பளப் பதிவு அனைத்தும் அதன் பின்னால் மாற வேண்டியிருக்கும். அல்லது இங்கே சிவில் நீதிமன்றத்தில் வழக்குப் போட்டு, பள்ளிப் பதிவிலிருந்தே திருத்தி வரலாம். இரண்டாவதற்கு நாளாகும், ஆனால் தவறான தேதியைக் கொடுத்தவன் நான்தான் என்று கூண்டில் ஏறிச் சொல்ல நான் தயார். எது வேண்டும் என்று நீ சொல்ல வேண்டும். அதற்குமுன், இரண்டு தேதிகள் இருப்பதைப் பதிவு அலுவலகத்தில் நீயே சொல்லிவிடு. அவர்களாகக் கண்டுபிடிக்க விடாதே.

செவ்வாய்க்கிழமை நோட்டரியிடம் போகிறோம். பிறப்புச் சான்றிதழின் நகலை இன்று அனுப்புகிறேன். மூலத்தைப் பதிவு அஞ்சலில் அனுப்ப மனம் வரவில்லை, உன் அண்ணன் தையில் வரும்போது கொடுத்தனுப்புகிறேன்.

செவ்வாய்க்கு முன்பாக அந்தக் காலியிடத்தில் எழுத வேண்டிய பெயரைத் தமிழிலும் அனுப்பு. எழுத்துப் பிழை வந்துவிடக் கூடாது. கூடவே அவருடைய பிறந்த தேதியும் நேரமும் தெரிந்தால் எழுது. படிவத்தில் அதற்கு இடமில்லை, அம்மா கேட்கச் சொன்னாள்.

ஆசிகளுடன்,
அப்பா