மெஸ்ஸும் பஃபேயும்: அப்பாவுக்கு ஒரு கடிதம்

பிட்ஸ்பர்க்,
பென்சில்வேனியா.

அன்புள்ள அப்பாவுக்கு,

நலம், நலமறிய ஆவல். போன வாரம் பேசியபோது, நம் மெஸ்ஸில் சப்ளையர்களைக் குறைத்துவிட்டு மதியச் சாப்பாட்டை, வருகிறவர்கள் தாங்களே எடுத்துப் போட்டுக்கொள்கிற பஃபே முறைக்கு மாற்றிவிடலாம் என்று தம்பி பிடிவாதம் பிடிப்பதாகச் சொன்னீர்கள். அமெரிக்காவில் ஒரே விலைக்கு வேண்டுமட்டும் சாப்பிட விடுகிறார்களே, அது எப்படிக் கட்டுப்படியாகிறது என்றும் கேட்டீர்கள். போனில் விளக்க ஆரம்பித்தால் பாதியில் யாராவது டோக்கன் கேட்டு வந்துவிடுகிறார்கள், நீங்களும் கல்லாவுக்குத் திரும்பிவிடுகிறீர்கள் என்பதால், நிதானமாக எழுதியே அனுப்புகிறேன்.

எங்கள் வீட்டிலிருந்து நடந்துபோகிற தூரத்தில் ஒரு பஞ்சாபிக் குடும்பம் இந்திய ரெஸ்டாரன்ட் நடத்துகிறது. பகல் பதினொன்றரையிலிருந்து இரண்டரை வரை பஃபே. ஆளுக்கு 16 டாலர். அதன்மேல் இந்த ஊரில் 7 சதவீத விற்பனை வரியும், தண்ணீர் ஊற்றித் தட்டை எடுக்கிற பெண்ணுக்கு இரண்டு மூன்று டாலர் டிப்ஸும் சேர்கின்றன. மொத்தத்தை ரூபாயாக மாற்றிப் பார்த்தால் சோறு தொண்டைக்குள் இறங்காது என்பதால், மாற்றிப் பார்க்கும் வழக்கத்தையே விட்டுவிட்டேன்.

உள்ளே நுழைந்ததும் சுவர் நெடுகப் பஃபே மேசை. முதலில் வெள்ளரிக்காய், வெங்காயம், பச்சை இலைகள். அடுத்துப் பாசுமதிச் சோறு. பிறகு ஆலு கோபி, சன்னா மசாலா, தால், பாலக் பனீர். இவற்றையெல்லாம் தாண்டிப் போனால்தான் பட்டர் சிக்கனும், கடைசியில் தந்தூரிச் சிக்கனும் கண்ணில் படும். இந்த வரிசையைப் படித்ததுமே உங்களுக்குச் சிரிப்பு வந்திருக்கும். சோறும் கிழங்கும் கடலையும் தட்டில் முக்கால்வாசியை அடைத்துக்கொண்ட பிறகுதான் கறிக்கு முறை வருகிறது. கறித்தொட்டியில் கிடக்கிற கரண்டியும் சன்னாவுக்குப் போட்டதைவிடச் சிறியது. முதல் நடையிலேயே சோற்றைக் குவித்துச் சாம்பாரைத் தாராளமாக ஊற்றிவிட வேண்டும், பொரியலை மட்டும் அளந்து வைக்க வேண்டும் என்று நீங்கள் சப்ளையர்களுக்குச் சொல்லிக்கொடுப்பீர்களே, அதே கணக்குதான். மாம்பழ லஸ்ஸிக்குத் தனிக் காசு. லாபம் அந்த டம்ளரில்தான் இருக்கிறது என்பது என் ஊகம்.

சமையல் பார்க்கிற நம் சரக்கு மாஸ்டர் பார்க்க வேண்டியது அந்தத் தொட்டிகளைத்தான். மூடி போட்ட நீளமான எவர்சில்வர் தொட்டிக்குள் குழம்பு இருக்கும். அதற்கு அடியில் இன்னொரு தட்டில் வெந்நீர். வெந்நீருக்குக் கீழே கையடக்கமான தகர டப்பாவில் ஜெல் எரிந்துகொண்டிருக்கும். நெருப்பு நேராகக் குழம்பில் படாததால் அடிப்பிடிப்பதில்லை. சூடான பண்டம் 57 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இறங்கக்கூடாது, தயிர்ப்பச்சடி போன்றவை 5 டிகிரிக்கு மேல் ஏறக்கூடாது என்பது இங்கே உணவு விதி. ஒரு பையன் கம்பி வைத்த தெர்மாமீட்டரை ஒவ்வொரு தொட்டிக்குள்ளும் குத்திப் பார்த்து, நோட்டில் குறித்துக்கொண்டு, கம்பியைத் துடைத்துவிட்டு அடுத்த தொட்டிக்குப் போவான்.

மூன்று மணி நேரம் அந்தச் சூட்டில் கிடந்தும் கெட்டுப்போகாத பண்டம் எதுவோ அதுதான் பஃபேக்கு வரும். வெங்காயமும் தக்காளியும் வெண்ணெயும் சேர்ந்த குழம்பு நேரம் ஆக ஆகக் கெட்டிப்படுமே தவிர ருசி குறையாது. சன்னாவுக்கு ருசி ஏறவே செய்யும். தோசையோ பூரியோ அப்பளமோ மூடிக்குள் ஆவியில் ஐந்து நிமிடம் கிடந்தால் தொய்ந்துவிடும். நம் சென்னையில் சௌகார்பேட்டை மின்ட் தெருவில் எண்ணெயிலிருந்து எடுத்த கையோடு பாகில் முக்கித் தருகிற ஜிலேபியை இங்கே எதிர்பார்க்க முடியாது. பாகில் ஊறிக்கொண்டே காத்திருக்கிற குலாப் ஜாமூன்தான் கிடைக்கும். ரொட்டியை மட்டும் அடுப்பிலிருந்து சுடச்சுடக் கூடையில் மேசைக்கே கொண்டுவந்து தருகிறார்கள். வெளிநாட்டில் இந்தியச் சாப்பாடு என்றாலே வடநாட்டுக் குழம்பு என்று ஆகிப்போனதற்கு, முதலில் கடை போட்டவர்கள் எந்தப் பக்கத்துக்காரர்கள் என்பது ஒரு காரணம் என்றால், இந்த வெந்நீர்த் தொட்டி இன்னொரு காரணம் என்று எனக்குத் தோன்றுகிறது. சனிக்கிழமைகளில் இட்லியும் சாம்பாரும் வைப்பதுண்டு. இட்லி ஓரமெல்லாம் காய்ந்திருக்கும், சாம்பார் இனிக்கும். உங்கள் மாப்பிள்ளை அதையும் விடாமல் சாப்பிடுகிறார், நான் தொடுவதில்லை. நம் ருசி வேண்டுமென்றால் பென் ஹில்ஸ் வெங்கடேஸ்வரா கோவிலுக்குப் போவோம். 1970-களில் கட்டிய கோவில் அது. அங்கே கேன்டீனில் புளியோதரையும் தயிர்சாதமும் கிடைக்கும்.

அம்மாவுக்கு ஒரு செய்தி. இரண்டாம் முறை எடுக்கப் போகும்போது சாப்பிட்ட தட்டைக் கொண்டுபோகக் கூடாது, புதுத் தட்டுதான் எடுக்க வேண்டும் என்று மேசைக்கு மேலே பலகை மாட்டியிருக்கிறார்கள். இது கடைக்காரரின் ஆசாரம் அல்ல, அரசாங்க விதியே அதுதான். எச்சில் பார்ப்பவள் என்று அம்மாவைக் கேலி செய்கிற சித்தியிடம் இதைத் தவறாமல் சொல்லச் சொல்லுங்கள். மிச்சத்தைப் பொட்டலம் கட்டி எடுத்துப்போகவும் விடமாட்டார்கள். எடுப்புச் சாப்பாட்டுக்குத் தனி டப்பா, தனி விலை.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். அரிசியும் பருப்பும் இவர்களுக்குப் பெரிய செலவில்லை, ஆள்கூலிதான் செலவு. இந்த மாநிலத்தில் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 7.25 டாலர். டிப்ஸ் வாங்குகிற சப்ளையருக்கு முதலாளி 2.83 டாலர் கொடுத்தால் போதும். டிப்ஸையும் சேர்த்து 7.25 வராவிட்டால் குறைவதை அவர் போட்டுத் தர வேண்டும். அதாவது சப்ளையரின் கூலியில் பெரும்பகுதியைச் சாப்பிட வந்தவர்களே கொடுத்துவிடுகிறார்கள். சமையற்காரருக்கு அப்படி யாரும் டிப்ஸ் வைப்பதில்லை. அவருக்கு முழுக் கூலியும் முதலாளி கையிலிருந்துதான் போக வேண்டும். பன்னிரண்டு மணிக்கு ஆபீஸ்காரர்களும் பல்கலைக்கழக மாணவர்களும் ஒரே நேரத்தில் வந்து குவியும்போது ஆளாளுக்கு ஆர்டர் எடுத்துச் சமைக்க ஆரம்பித்தால் அடுப்படியில் நான்கு பேராவது வேண்டும். காலையிலேயே மொத்தமாகச் சமைத்துத் தொட்டியில் நிரப்பிவிட்டால் இரண்டு பேர் போதும், வெளியே ஒரே ஒரு பெண் போதும். மதியம் சாப்பிட்டுப் பிடித்துப்போனவர்கள் ராத்திரி குடும்பத்தோடு வந்து, ஒரு கிண்ணம் குழம்புக்கே பஃபே விலையைக் கொடுக்கிறார்கள். பஃபேயில் மட்டும் பெரிதாக ஒன்றும் மிஞ்சாது என்று கல்லாவில் இருக்கும் அம்மாளே ஒருநாள் சொன்னார். கொரோனா வந்த 2020-இல் பஃபேயை நிறுத்தியவர்களில் பலர் பிறகு திரும்பத் தொடங்கவே இல்லை.

அடுப்படியில் நிற்பவர் பஞ்சாபி அல்ல. பூட்டானிலிருந்து துரத்தப்பட்டு, நேபாளத்தில் அகதி முகாமில் பல வருடம் இருந்துவிட்டு இங்கே குடியேற்றப்பட்ட நேபாளிகளில் ஒருவர். 2008-இலிருந்து அவர்கள் இந்த ஊருக்கு நிறையப் பேர் வந்திருக்கிறார்கள். அதனால் தந்தூரிச் சிக்கனுக்குப் பக்கத்தில் மோமோவும் இருக்கிறது. 1960-களில் பர்மாவிலிருந்து கப்பலில் திரும்பியவர்களால்தான் பீச் ஸ்டேஷன் பக்கம் அத்தோ என்கிற பர்மா நூடுல்ஸும் வாழைத்தண்டு சூப்பும் வந்தன என்று நீங்கள் சொல்லுவீர்கள். அந்தக் கதையை அவரிடம் என் அரைகுறை இந்தியில் சொன்னேன். அத்தோவில் புளி விடுவார்களா என்று கேட்டார். விடுவார்கள் என்றதும் முகத்தைச் சுளித்தார்.

தம்பியின் யோசனை எனக்குச் சரியாகப் படவில்லை. இங்கே பஃபே பிழைப்பது கூலி அதிகம் என்பதாலும், தட்டில் எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டுக்கொண்டு சாப்பிடுகிறவர்கள் வருகிறார்கள் என்பதாலும்தான். நம் சாப்பாடு சாம்பார், வத்தக்குழம்பு, ரசம், மோர் என்று ஒன்றன்பின் ஒன்றாக வருவது. ரசத்துக்கு ஒருமுறை, மோருக்கு ஒருமுறை என்று ஒவ்வொருவரும் இலையை விட்டு எழுந்து போனால், வண்ணாரப்பேட்டைச் சந்தில் இருக்கிற நம் கடையில் நடக்க இடம் இருக்காது. எம்.சி. ரோடு துணிக்கடைப் பையன்களுக்குச் சாப்பாட்டு நேரமே அரைமணிதான். ஹார்பரில் மூட்டை தூக்கிவிட்டு வருகிறவர்களுக்கு உட்கார்ந்த இடத்தில் சோறு விழ வேண்டும். யாருக்கு எவ்வளவு தேவை என்று நம் சப்ளையருக்கு முகம் பார்த்ததுமே தெரியும். தானே அள்ளிக்கொள்பவர் பாதியைக் குப்பையில் போடுவதை இங்கே தினமும் பார்க்கலாம்.

அந்த வெந்நீர்த் தொட்டியை மட்டும் தம்பி வாங்கட்டும். ஒன்றரை மணிக்கு மேல் வருகிறவர்களுக்குச் சாம்பார் ஆறிப்போகிறது என்ற புகார் நான் கல்லாவில் உட்கார்ந்த காலத்திலேயே இருந்தது. பூக்கடைப் பக்கம் பாத்திரக் கடைகளில் விசாரித்தால் கிடைக்கும். ஜெல் டப்பா வேண்டாம், கேஸ் பர்னரில் சிறு தீ வைத்தாலே போதும். தண்ணீர் வற்றுகிறதா என்று பார்த்துக்கொள்ள ஓர் ஆளைச் சொல்லி வையுங்கள். தொட்டியின் படமும் அளவுகளும் தம்பிக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பியிருக்கிறேன்.

தங்கள் அன்பு மகள்