துணிக் கம்மல்

குகை, சேலம்.
ஆனி 28

அன்புள்ள கண்ணு,

நலமாக இருக்கிறாயா? மாப்பிள்ளையும் பாப்பாவும் சுகம்தானே. இங்கே நானும் அப்பாவும் நன்றாக இருக்கிறோம். அப்பாவுக்குக் கண் ஆபரேஷன் ஆனதிலிருந்து பற்றவைக்கிற வேலைக்கு மட்டும் உட்காருவதில்லை, கொலுசுக்கு மணி கோக்கிறார். வெள்ளி விலை ஏறினதில் செவ்வாய்ப்பேட்டையில் எல்லாப் பட்டறையிலும் ஆர்டர் கம்மி. வாரத்தில் நாலு நாள் போனால் பெரிசு. தம்பி நாமக்கல்லிலிருந்து ஞாயிற்றுக்கிழமை வந்து போனான்.

போனில் பேசாமல் எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். போனில் நீ ஸ்பீக்கரைப் போட்டுவிட்டுப் பாத்திரம் கழுவுகிறாய். நான் ஒன்று சொல்ல வாயெடுப்பதற்குள் பாப்பா பிடுங்கிக்கொள்கிறாள். போன மாசம் முழுக்க மூன்று தடவைதான் பேசினோம், மூன்று தடவையும் "அப்புறம் பேசறேம்மா" என்று வைத்துவிட்டாய். குறையாகச் சொல்லவில்லை சாமி, உனக்கு வேலை இருக்கும். பாப்பாவுக்கு யானை அனுப்புகிறேன், அதோடு இதையும் வைக்கிறேன். பார்சலை நீயே பிரி.

யானையைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். உடம்பு தம்பியுடைய பள்ளிக்கூட பேன்ட். காது மட்டும் உன் வளைகாப்பு ஜாக்கெட்டின் வெட்டுத்துண்டு, அந்த அரக்குப் பட்டு. உள்ளே பனியன் வேஸ்ட். கிலோக்கணக்கில் வாங்கி, வெந்நீரில் அலசி, இரண்டு நாள் மொட்டைமாடி வெயிலில் காயவைத்துத்தான் அடைத்தேன். தும்பிக்கைதான் என்னைப் பாடாய்ப் படுத்திவிட்டது. உள்பக்கம் தைத்துத் திருப்பினால் வளைகிற இடத்தில் சுருக்கம் விழுகிறது. பிரித்து, வளைவு நெடுக அரை விரல் இடைவெளியில் கத்தரிக்கோல் நுனியால் சின்னச் சின்ன வெட்டு கொடுத்து, தையலுக்கு ஒரு நூல் முன்னால் நிறுத்தி, மறுபடி திருப்பினேன். அப்போதுதான் தும்பிக்கை நெளிந்து மேலே தூக்கியது. நீ செய்யும்போது அந்த வெட்டை மறக்காதே. தையலைத் தொட்டுவிட்டால் பஞ்சு அடைக்கும்போது கிழிந்துபோகும்.

அப்பா, "பிள்ளையாருக்கு வைக்கிற மாதிரி குன்றிமணி வை, களையாக இருக்கும்" என்றார். நான் வைக்கவில்லை. குன்றிமணியைக் கடித்து உடைத்தால் விஷம். பட்டனும் வேண்டாம், நூல் இற்று விழுந்தால் பிள்ளை தொண்டையில் போய் நிற்கும். கறுப்பு நூலில் சங்கிலித் தையலைச் சுற்றிச் சுற்றிப் போட்டுக் கண் வைத்திருக்கிறேன். சின்னப் பிள்ளைக்கு எது செய்தாலும் கண்ணைத் தைத்துவிடு. ஒட்டாதே.

சரி. போன வாரம் நீ ஸ்டேட்டஸில் வைத்திருந்த போட்டோவைப் பார்த்தேன். மஞ்சள் சேலை, நீலத் துணிக் கம்மல், கீழே "அம்மா சொல்லிக்கொடுத்தது" என்று எழுதியிருந்தாய். சின்னத்தை அதைப் பார்த்துவிட்டு உடனே எனக்குப் போன் செய்தாள். "உன் பொண்ணு என்னா கைவேலை" என்று பத்து நிமிஷம் புகழ்ந்தாள். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. ஆறாவது படிக்கும்போதே, ஆடிப் பண்டிகையில் சாமி வேஷம் போட்டு வண்டியில் ஊர்வலம் வருகிற வண்டி வேடிக்கைக்கு, முருகன் வேஷம் போட்ட பையனுக்கு அட்டையும் ஜிகினாவும் உடைந்த கண்ணாடி வளையலும் வைத்துக் கிரீடம் செய்துகொடுத்த கை அது. குகையே அந்த வண்டியைப் பார்த்தது. அந்தக் கையை யார் புகழ்ந்தாலும் எனக்கு வயிறு குளிரும்.

போட்டோவை விரலால் பெரிதாக்கிப் பார்த்தேன். இடது கம்மலில் விளிம்பு பிரிகிறது. துணிக்குக் கஞ்சி போடாமலே வெட்டி ஒட்டியிருக்கிறாய். எத்தனை தடவை சொல்லியிருக்கிறேன். ஒரு ஸ்பூன் ஜவ்வரிசியை ஊறவைத்து, ஒரு டம்ளர் தண்ணீரில் கண்ணாடி மாதிரி ஆகிறவரை கொதிக்கவிட்டு, வடிகட்டி, ஆறினதும் துண்டின் பின்பக்கம் கையால் தேய்த்து நிழலில் காயப்போடு. பப்படம் மாதிரி விறைத்துக்கொள்ளும். அப்புறம் வெட்டினால் ஒரு நூல்கூடப் பிரியாது. சேலத்தில் பிறந்துவிட்டு ஜவ்வரிசிக்குப் பஞ்சமா? பைண்டிங் கடையில் பசைக்குப் பூச்சி வராமல் மயில்துத்தம் போடுவார்கள், அது உனக்கு வேண்டாம், காதில் படுகிறது, பிள்ளை வாயில் வைக்கிறது. டப்பாவில் காய்ந்த வேப்பிலை போட்டு வை, போதும்.

இன்னொன்றும் பார்த்தேன். காது ஓட்டையைச் சுற்றிச் சிவந்திருக்கிறது. பாக்கெட்டில் விற்கிற கொக்கியை மாட்டியிருக்கிறாய். நிக்கல் கலந்த கொக்கி உனக்கு எப்போதும் ஒத்துக்கொள்ளாது, எட்டாவது படிக்கும்போது சீழ் வைத்து மஞ்சள் பற்றுப் போட்டோமே. அப்பாவிடம் சொல்லி வெள்ளிக் கம்பியில் பன்னிரண்டு ஜோடி கொக்கி முறுக்கி வாங்கியிருக்கிறேன், யானையோடு சின்ன டப்பாவில் இருக்கிறது. அவர் எதற்கு என்று கேட்கவில்லை. கண் சரியாகத் தெரியாமலே தடவித் தடவி முறுக்கினார். கொக்கியை முதலில் மாற்று.

ஒரு நாள் போட்டோவுக்காகத் துணிக் கம்மல் போட்டதாக இருந்தால் காது அப்படிச் சிவக்காது கண்ணு. அது தினமும் போடுகிற காது.

நீ விற்கவும் செய்கிறாய் என்று கேள்விப்பட்டேன். உங்கள் தெரு பெண்கள் ஆடிக்குச் சேலை நிறத்துக்கு ஏற்றமாதிரி கம்மல் கேட்டார்களாம், தோரணமும் துணிக்கிளியும்கூடச் செய்துதருகிறாயாம், கம்மல் ஜோடி 40 ரூபாயாம். யார் சொன்னார்கள் என்று கேட்காதே. நல்ல காரியம்தான். ஆனால் 40 ரூபாய்க்குக் கொடுக்காதே. கஞ்சி போட்டுக் காயவைத்து, அட்டை வெட்டி, துணி ஒட்டி, ஓரத்தில் ஜரிகை நூல் சுற்றி, வளையம் கோத்து முடிக்க ஒரு ஜோடிக்கு முக்கால் மணி நேரம் ஆகும். துணி சும்மா கிடைத்தது என்று கையையும் சும்மா கொடுக்கக் கூடாது. பட்டறையில் கூட்டிய மண்ணையே வெள்ளி இருக்கும் என்று விலை கொடுத்து எடுக்கிறார்கள். 80 சொல், 70க்குக் கொடு. ராத்திரி பன்னிரண்டு மணிவரை உட்காராதே. விலையைக் கேட்க வெட்கப்படாதே. கொக்கியை மட்டும் நல்லதாகப் போடு, ஒருத்தி காது புண்ணானால் தெருவே திரும்பி வராது.

பாப்பாவுக்குக் காது குத்து தை மாசம் என்றாய், அப்புறம் சித்திரை என்றாய். இப்போது ஆவணியும் வேண்டாம், அவள் வளரட்டும் என்று தம்பியிடம் சொல்லியிருக்கிறாய். அவன் தாய்மாமன், தோடு வாங்கப் பணம் சேர்த்து வைத்திருக்கிறான். அவனிடம் ஏன் வேண்டாம் என்றாய்? மூன்று வயது ஒற்றைப்படை, இதை விட்டால் ஐந்து வயதுக்குப் போய்விடும். குழந்தைக்குக் குத்தும்போது அம்மா காதைத்தான் எல்லாரும் பார்ப்பார்கள். அதனால் தள்ளிப்போடுகிறாயோ என்று ராத்திரியெல்லாம் எனக்கு ஓடுகிறது.

இதை எழுதிவிட்டு எழுந்துபோய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன். "அம்மா சொல்லிக்கொடுத்தது" என்று நீ எழுதினாயே, அதுதான் என்னைத் தூங்கவிடவில்லை. நான் உனக்கு எதற்காகச் சொல்லிக்கொடுத்தேன் என்று உனக்குத் தெரியாது.

2007, அப்பாவுக்குக் கை வெந்த வருஷம். அம்மாயி, என் அம்மா, உனக்குப் போட்ட ஏழுகல் தோட்டைப் பள்ளிக்கூடத்துக்குத் தங்கம் போட்டு வரக் கூடாது என்று டீச்சர் சொன்னதாகச் சொல்லிக் கழற்றினேன். டீச்சர் அப்படிச் சொல்லவில்லை. பீரோவில் வைத்திருக்கிறேன் என்றேன். பீரோவிலும் இல்லை. அன்றைக்குச் சாயங்காலமே அடகுக்கடைக்குப் போய்விட்டது, 2,500 ரூபாய்க்கு. ஆஸ்பத்திரிக்கு மருந்து வாங்கப் பணம் வேண்டியிருந்தது. என் செயின் அதற்கு முந்தின வாரமே போயிருந்தது.

காது ஓட்டை தூர்ந்துபோகாமலிருக்க விளக்குமாற்றுக் குச்சியை ஒடித்து உன் காதில் செருகினேன். இரண்டு நாள் அப்படியே பள்ளிக்கூடம் போனாய். மூன்றாம் நாள் அழுதுகொண்டு வந்தாய், ஏன் என்று சொல்லவில்லை, எனக்கும் கேட்கத் தைரியம் இல்லை. அன்று ராத்திரி மிஷினுக்கு அடியில் வெட்டுத்துண்டு மூட்டையைக் கொட்டி, அரக்கில் ஒரு பட்டுத் துண்டு தேடி எடுத்தேன். ஜாக்கெட்டுக்கு வைக்கிற தகரப் பட்டன் இரண்டை எடுத்து, துணியை வட்டமாக வெட்டி, ஓரத்தில் ஓடு தையல் போட்டு இழுத்துச் சுருக்கி மூடினேன். பழைய கவரிங் தோட்டின் தண்டை உடைத்துப் பின்னால் ஒட்டினேன். நீ பக்கத்தில் உட்கார்ந்து, "அம்மா, நடுவில் ஒரு மணி வை" என்றாய். வைத்தேன். கண்ணாடியில் பார்த்துவிட்டு, "இதுதான் தங்கத்தைவிட நல்லா இருக்கு" என்றாய். அதைக் கேட்டுக்கொண்டு நான் உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும்.

மறுநாள் உன் வகுப்பில் ஏழு பிள்ளைகள் கேட்டார்கள். ஒரு வாரம் உட்கார்ந்து ஏழு ஜோடி செய்தாய், ஜோடி 5 ரூபாய். 35 ரூபாயைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தாய். "உனக்குப் பேனா வாங்கிக்கோ" என்று நான் சொல்லவில்லை. வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டேன். அந்த மாச வட்டியில் அதுவும் போனது கண்ணு. உன் தோட்டுக்கு நீயே வட்டி கட்டினாய்.

அதையும் காப்பாற்றவில்லை நான். கெடு தேதியை எழுதி வைக்கவில்லை. அப்பாவிடம் சொல்ல பயந்து ரசீதை அரிசி டின்னுக்கு அடியில் ஒளித்தேன். ஒளித்த பொருளை மனசும் மறக்கப் பார்க்கிறது. கடையிலிருந்து வந்த கடிதத்தையும் பிரிக்கவில்லை. போய்ப் பார்க்கும்போது ஏலத்தில் போய்விட்டது. கல்யாணத்தில் உனக்குப் போட்டது அம்மாயியின் தோடு இல்லை. அதே மாதிரி ஏழு கல் வைத்துச் செய்யச் சொல்லி, சீட்டு எடுத்து வாங்கினது. "மெருகு போட்டேன், அதான் புதுசு மாதிரி மின்னுது" என்று உன்னிடம் சொன்னேன். அம்மாயி சாகிறவரை அவளிடமும் அதையே சொன்னேன்.

அப்பாவுக்கு இன்றுவரை தெரியாது. உனக்குத்தான் முதலில் சொல்கிறேன்.

கண்ணு, நான் உன்னை எதுவும் கேட்கவில்லை. மாப்பிள்ளை நல்லவர், கம்பெனி நிலவரம் அவர் கையில் இல்லை, அவர் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. வீட்டில் எங்கேயாவது ரசீது என்று ஒன்று இருந்தால் அதை எடுத்துக் கெடு தேதியை மட்டும் பார். காலண்டரில் அந்த நாளைச் சுற்றி வட்டம் போடு. வட்டி மட்டுமாவது கட்டித் தேதியைத் தள்ளிவைக்கலாமா என்று நேரில் போய்க் கேள். கடிதம் வந்திருந்தால் பிரித்துப் படி. போஸ்ட் ஆபீஸில் என் பெயரில் 18,000 இருக்கிறது, ஆவணி பிறந்ததும் எடுக்கலாம். அது தையல் காசு, அப்பாவுக்குக் கணக்கு சொல்ல வேண்டியதில்லை.

ரசீது இல்லை, தோடு பீரோவில்தான் இருக்கிறது என்றால் ரொம்பச் சந்தோஷம். இந்தக் கடிதத்தைக் கிழித்துப் போட்டுவிட்டு, கிழவிக்கு வேறு வேலை இல்லை என்று திட்டிக்கொள். உன் திட்டு எனக்குப் பெரிசில்லை.

ஆடிக்குக் கோட்டை மாரியம்மன் பண்டிகைக்கு வந்தால் நாலு நாள் இரு. வண்டி வேடிக்கை பார்க்கப் பாப்பாவைத் தோளில் வைத்துக்கொள்ளத் தம்பி வருகிறேன் என்றிருக்கிறான். மூட்டையில் நிறையத் துண்டு சேர்ந்திருக்கிறது, இளம்பிள்ளை ஊர்த் தறிச் சேலைகளின் கரைத்துண்டு, நல்ல ஜரிகை. உனக்கென்று தனியாக எடுத்து வைத்திருக்கிறேன்.

மத்தியானம் இரண்டிலிருந்து மூன்றுவரை அப்பா தூங்குவார். அப்போது கூப்பிடு, ஸ்பீக்கர் போடாமல். யானையின் வாலைப் பாப்பா பிடித்து இழுப்பாள், மூன்று சுற்றுத் தைத்திருக்கிறேன், இருந்தாலும் ஒரு வாரம் கழித்து இழுத்துப் பார்த்துக்கொள். கொக்கியை மாற்று.

அன்புடன்,
அம்மா