எழுதி வைத்தவர்களுக்கு

அன்புள்ள பதிவர்களே, நிரலாளர்களே, எழுத்துரு செய்தவர்களே, அப்புறம் பெயர் தெரியாத அந்த ஒருவரே,

வணக்கம். திண்டுக்கல்லில் வலைத்தளம் செய்து கொடுத்துப் பிழைப்பவன் நான். நின்றுபோன ஒரு சிற்றிதழின் பழைய இதழ்கள் அத்தனையையும் இணையத்தில் ஏற்றும் வேலை போன மாதம் முடிந்தது. ஆசிரியரின் மகள் தளத்தைத் திறந்து, தேடல் பெட்டியில் அப்பாவின் பெயரை அடித்துப் பார்த்துவிட்டு, "எல்லாம் வருதுங்க" என்றார். பேசிய பணத்தைக் கொடுத்தார், வாய் நிறைய நன்றியும் சொன்னார். பணம் சரி. நன்றி முழுவதையும் நானே வைத்துக்கொள்வது நியாயமில்லை. அதனால்தான் இந்த மடல்.

வந்த சரக்கு ஒரு பை நிறைய சிடி. எல்லாம் பேஜ்மேக்கர் என்ற பக்க வடிவமைப்பு மென்பொருளில் செய்த கோப்புகள். திறந்தால் தமிழையே காணோம், ஆங்கில எழுத்தும் குறிகளும்தான் இறைந்து கிடந்தன. எழுத்துக்கு எண் கொடுத்துச் சேமிக்கும் முறைதான் குறியாக்கம்; எல்லா மொழிக்கும் பொதுவான குறியாக்கமான யூனிகோடு பரவுவதற்கு முன்னால் அச்சகத்துக்கு ஓர் எழுத்துரு, எழுத்துருவுக்கு ஒரு குறியாக்கம் என்றுதானே இருந்தது. அதே எழுத்துரு கையில் இருந்தால்தான் கோப்பு தமிழாகத் தெரியும். இதழை வடிவமைத்த டிடிபி அண்ணனைத் தேடிப் போனேன். இப்போது ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறார். "ஃபாண்ட் இல்லாம ஃபைலை மட்டும் வச்சு என்ன தம்பி பண்ணுவ?" என்று கேட்டவர், பரணில் கிடந்த பழைய கம்ப்யூட்டரை இறக்கி, ஹார்ட் டிஸ்க்கையே கழற்றிக் கையில் கொடுத்துவிட்டார். எந்த இதழ் எந்த எழுத்துருவில் அடித்தது என்று ஒரு கணக்கு நோட்டில் வரிசையாக எழுதியும் வைத்திருந்தார். அந்த நோட்டு இல்லையென்றால் வேலை தொடங்கியே இருக்காது. அண்ணன் இணையப் பக்கம் வருகிற ஆள் இல்லை. அவருக்கு நேரில் போய்ச் சொல்லிவிட்டேன்.

அடுத்து சுரதா, பொங்குதமிழ் எழுத்துரு மாற்றியைச் செய்தவர். அந்த மாற்றியைத் தொடாத பழைய பதிவர் யாராவது இருக்கிறீர்களா? ஈழத்திலிருந்தும் புலம்பெயர் நாடுகளிலிருந்தும் இந்த இதழுக்கு வந்த கட்டுரைகள் பாமினி என்ற பழைய எழுத்துருவில் இருந்தன. பாமினியில் 'தமிழ்' என்று அடித்திருந்தால் கணினிக்குள் இருப்பது ஜே, கே, பி, ஓ, பிறகு ஓர் அரைப்புள்ளி. அதைக் கொண்டுபோய் மாற்றியின் பெட்டியில் ஒட்டி, எழுத்துருவின் பெயரைத் தேர்ந்தால் மறு பெட்டியில் தமிழாக வந்து நிற்கும்.

"எழுத்துக்கு எழுத்து மாத்தறதுதானே, இதுல என்ன சார் இருக்கு?" என்று எங்கள் அலுவலகத்துப் பையன் கேட்டான். 'கொ' என்ற ஒரே ஓர் எழுத்தை எடுத்துக்கொள்ளச் சொன்னேன். பழைய எழுத்துருக்களில் கண்ணுக்குத் தெரிகிற வரிசைதான் சேமிப்பு வரிசை: முதலில் கொம்பு, பிறகு 'க', பிறகு கால். யூனிகோடில் முதலில் 'க', அதற்குப் பின்னால் கொம்பும் காலும் சேர்ந்த ஒரே குறி. ஆகவே கொம்பைப் பிடித்து அடுத்து வரும் மெய்க்குப் பின்னால் தள்ள வேண்டும், காலும் வருகிறதா என்று பார்த்துச் சேர்க்க வேண்டும். கால் வராமல் 'ள' வந்தால்? 'வெளி'யில் வருவது நிஜமான 'ள'. 'வௌவால்' என்ற சொல்லில் வருவது 'ள' போலவே இருக்கும் ஒரு குறி. பழைய எழுத்துருவில் இரண்டும் ஒன்றுதான். எது எது என்று மாற்றியை எழுதியவர் உட்கார்ந்து யோசித்திருக்க வேண்டும். யோசித்ததைச் சும்மா கொடுத்தும் இருக்கிறார்.

ஆனால் ஒரு நூலகம் அளவுக்குப் பக்கங்களை ஒட்டி ஒட்டி மாற்றிக்கொண்டிருக்க முடியாது. அங்கே கைகொடுத்தது முத்து அண்ணாமலையும் நண்பர்களும் பைத்தான் நிரல்மொழியில் எழுதிய ஓப்பன்-தமிழ் என்ற நிரல் தொகுப்பு. கோப்புகளைக் கொத்தாகக் கொடுத்தால் மாற்றித் தருகிறது. அதைவிட எனக்குப் பிடித்தது, அது தமிழ் எழுத்தை எண்ணும் விதம். 'நிலா' என்பதில் எத்தனை எழுத்து என்று வலைத்தளங்களுக்கான நிரல்மொழியான ஜாவாஸ்கிரிப்டிடம் கேட்டால் நான்கு என்கும். இகரக் குறியும் காலும் அதற்குத் தனித்தனி. ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகூட இரண்டு என்று சொல்லும், ஓப்பன்-தமிழும் இரண்டு என்றுதான் சொல்கிறது. குறுக்கெழுத்துப் புதிர்ப் பக்கங்களை ஏற்றியபோதுதான் இதன் அருமை தெரிந்தது.

இங்கே கொஞ்சம் பழங்கதை பேசிக்கொள்கிறேன். 2003 வாக்கில் தமிழில் வலைப்பூக்கள் மளமளவென்று பெருகின. முரசு அஞ்சலும் எ-கலப்பையும், பிறகு என்எச்எம் ரைட்டரும் அடிக்கக் கற்றுக்கொடுத்தன. காசி ஆறுமுகம் 2004இல் எல்லார் பதிவுகளையும் ஒரே இடத்தில் காட்டும் தமிழ்மணம் திரட்டியைத் தொடங்கியதும் எல்லாரும் எல்லாரையும் படிக்கத் தொடங்கினார்கள். அந்தக் காலத்துப் புகழ் எப்படி என்று அன்று எழுதியவர்களுக்குத் தெரியும். அரசியல் சண்டையும் சினிமா விமர்சனமும்தான் சூடான இடுகைகளில் ஏறும். தமிழ் கட்டம் கட்டமாகத் தெரிந்தால் என்ன செய்வது, வலைப்பூவின் வார்ப்புருவில் (டெம்ப்ளேட்டில்) எந்த வரியைத் தொட வேண்டும், எந்த வரியைத் தொடவே கூடாது என்று எழுதியவர் வீட்டு வாசலில் ஈ காக்கை இருக்காது. இன்று அந்தச் சண்டைகளில் யார் பக்கம் நியாயம் என்று யாரும் தேடுவதில்லை. வார்ப்புருப் பதிவுகளை நான் இந்த வருடமும் தேடிப் போய்ப் படித்தேன். ஆளில்லாத கடையில் டீ ஆற்றியவர்களே, நான் குடித்தேன், சூடு ஆறவில்லை.

புகழ் வந்த பதிவர்களில் அதை உருப்படியாகச் செலவழித்தவர்களும் உண்டு. நிரலாளர் ஜோயல் ஸ்போல்ஸ்கி 2003 அக்டோபரில் தன் தளத்தில் யூனிகோடு பற்றி ஒரு நீண்ட பதிவு எழுதினார். எந்தக் குறியாக்கம் என்று தெரியாமல் ஓர் எழுத்துச் சரத்தைக் கையில் வைத்திருப்பதில் அர்த்தமே இல்லை என்பதுதான் அதன் சாரம். சிடிப் பையோடு உட்கார்ந்திருந்தவனுக்கு இதைவிட என்ன வேண்டும்? புதிதாக வேலைக்கு வருகிற பிள்ளைகளுக்கு முதல் நாள் பாடமாக அதைத்தான் கொடுக்கிறேன். அவரும் ஜெஃப் அட்வுட்டும் 2008இல் நிரலாளர்களின் கேள்வி பதில் தளமான ஸ்டாக் ஓவர்ஃப்ளோவைத் தொடங்கியபோது, இருவரின் பதிவுகளையும் படித்துவந்த கூட்டம்தான் முதலில் வந்து கேள்வி கேட்டது, பதிலும் சொன்னது.

அப்படிப் பதில் சொன்ன ஒருவருக்குத் தனியாக ஒரு கும்பிடு. எங்கள் தளத்தில் குறிச்சொல் பக்கங்களுக்கு முகவரி செய்யும் நிரல், 'கோவில்' என்பதைக் 'கவல' ஆக்கிக்கொண்டிருந்தது. 'நிலா' 'நல' ஆனது. எழுத்துகளை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை நீக்கு என்பதுதான் நிரலுக்குச் சொன்ன கட்டளை. யூனிகோடு கணக்கில் கொம்பும் காலும் புள்ளியும் 'எழுத்து' வகையில் சேராது, 'குறி' என்று தனி வகை. கட்டளையில் அந்த வகையையும் சேர் என்று, யாரோ இந்திக்காகக் கேட்ட கேள்விக்கு அவர் ஒற்றை வரியில் பதில் எழுதியிருந்தார். அந்த ஒரு வரியில் கொம்பும் காலும் திரும்பி வந்துவிட்டன.

மொஸில்லாவின் வலைத் தொழில்நுட்ப உதவித் தளமான எம்டிஎன்னில் ஆவணங்களை எழுதுகிறவர்களுக்கு நன்றி சொல்லக் காரணம் ஒன்றா இரண்டா. ஒன்றை மட்டும் சொல்கிறேன். மெய்ப்புப் பார்த்துக் கொடுத்த ஓய்வுபெற்ற தமிழாசிரியை அம்மா ஒரு நாள் போன் செய்தார். "கோவைன்னு தேடுனா வரலையே, கண்ணு முன்னாடியே கோவைன்னு இருக்கே" என்றார். இருந்தது. ஆனால் பழைய கோப்பிலிருந்து வந்த 'கோ'வில் இரட்டைக் கொம்பும் காலும் இரண்டு தனிக் குறிகள். அம்மா விசைப்பலகையில் அடித்த 'கோ'வில் அவை சேர்ந்த ஒரே குறி. பார்க்க அச்சு அசலாக ஒன்று, கணினிக்கு வேறு வேறு. இரண்டையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவர ஜாவாஸ்கிரிப்டிலேயே ஒரு செயற்கூறு இருக்கிறது என்று எம்டிஎன் பக்கம் சொன்னது. தேடும் சொல்லையும் சேமித்த கட்டுரைகளையும் அதன் வழியாக அனுப்பினேன், கோவை கிடைத்தது. 2020இல் மொஸில்லாவில் ஆட்குறைப்பு நடந்து எம்டிஎன் குழுவும் அடிபட்டபோது எங்கள் தொழிலில் பலருக்கும் வயிற்றைக் கலக்கியது. அடுத்த ஆண்டே ஓப்பன் வெப் டாக்ஸ் என்ற அமைப்பு உருவாகி எழுதுகிறவர்களுக்குச் சம்பளத்துக்கு வழி செய்தது. அதற்குப் பணம் போட்டவர்களுக்கும் சேர்த்தே இந்த நன்றி.

அந்த ஆசிரியை அம்மாவுக்கு இந்தப் பக்கங்களில் இடம் போதாது. வௌவால்களையும் கௌதமர்களையும் தேடித் தேடித் திருத்தியவர் அவர். மாற்றி தவறவிட்ட இடங்களை எந்த நிரலும் அவர் அளவுக்குப் பிடிக்கவில்லை.

தளம் கைபேசியில் ஒழுங்காக மடங்கி விரிகிறதென்றால், 2010 மே மாதம் ஈதன் மார்காட் எழுதிய ஒரு கட்டுரைதான் மூலம். திரையின் அகலத்துக்கேற்ப ஒரே தளம் மாறிக்கொள்ளட்டும், கைபேசிக்கென்று தனித் தளம் எதற்கு என்று அவர் கேட்டது இன்று யாருக்கும் புதுமையாகவே தெரியாது. பக்கத்தில் பெட்டிகளை அடுக்கும் முறையான ஃபிளெக்ஸ்பாக்ஸுக்குக் கிறிஸ் காயர் எழுதிய வழிகாட்டியைப் படத்தோடு அச்செடுத்து எங்கள் அலுவலகச் சுவரில் ஒட்டியிருக்கிறோம். எந்த உலாவியில் எது ஓடும் என்று பார்க்க அலெக்ஸிஸ் டெவேரியாவின் கேன் ஐ யூஸ். இவற்றைப் பற்றி நீட்டி முழக்க வேண்டியதில்லை, தொழிலில் இருப்பவர்களுக்குத் தினசரி சோறு.

எழுத்துருக்காரர்களே, உங்களைத்தான் வாசகர்கள் முதலில் பார்க்கிறார்கள், கடைசியில்கூட நினைப்பதில்லை. தலைப்புக்குப் பிரியா ரவிச்சந்திரனின் கேட்டமரன், உடலுக்கு நோட்டோ செரிஃப் தமிழ். இரண்டுமே திறந்த உரிமம், காசு கேட்கவில்லை. அந்த எழுத்துருவில் கொம்பு சரியான பக்கம் வந்து நிற்பதற்கு உலாவிக்குள் ஹார்ஃப்பஸ் என்ற நிரல் ஓடுகிறது. பெஹ்தாத் எஸ்ஃபஹ்போத் முன்நின்று எழுதியது. ஈரானில் பிறந்தவர் எழுதிய நிரல்தான் நம் கையிலுள்ள ஆண்ட்ராய்டு போனில் தமிழைக் கோத்துக் கொடுக்கிறது. தமிழ் எழுத்தமைப்பு வலையில் எப்படி நடந்துகொள்ள வேண்டும், எங்கே வரி உடையலாம், எங்கே உடையக் கூடாது என்று ரிச்சர்ட் இஷிடா எழுதி வைத்திருக்கும் குறிப்புகளைப் படித்தால், நாமே இவ்வளவு கவனித்தோமா என்று கேட்கத் தோன்றும்.

சில பழைய உதவிப் பக்கங்களின் சொந்த முகவரி செத்துப்போயிருந்தது. பழைய பக்கங்களைச் சேமித்து வைக்கும் இணைய ஆவணக் காப்பகத்தின் வேபேக் மெஷினில்தான் அவற்றைப் பிடித்தேன். கணியம் என்ற தமிழ்க் கணினித் தளத்தில், தரவுத்தள மென்பொருளான மைஎஸ்க்யூஎல் பற்றி எளிய தமிழில் எழுதிய து. நித்யாவுக்கு எங்கள் அலுவலகத்துப் பையன் நன்றி சொல்லச் சொன்னான். ஆங்கிலத்தில் படித்தபோது ஏறாதது அதில் ஏறியது என்கிறான். இருபது நிமிட வீடியோவில் பதினேழாவது நிமிடத்தில் ஒரு வரி நிரலைக் காட்டி மறைப்பவர்களைவிட எழுதி வைப்பவர்கள் எனக்கு எப்போதும் ஒரு படி மேல். இது என் சொந்தக் கருத்து, சண்டைக்கு வர வேண்டாம்.

கடைசியாக, அந்தப் பெயர் தெரியாதவர். கட்டுரைகளின் முகவரிகள் பாதியில் வெட்டுப்படுவது ஏன் என்று மண்டையைப் பிய்த்துக்கொண்டிருந்தபோது ஒரு பழைய பிளாக்ஸ்பாட் பதிவு கிடைத்தது. முகவரியில் ஒரு தமிழ்க் குறி விழுக்காட்டுக் குறிகளும் எண்ணும் எழுத்துமாக 9 இடத்துக்கு விரியும், தளம் நடத்தும் மென்பொருளான வேர்ட்பிரஸ் அதற்கு ஒதுக்கியிருப்பது 200 இடம், ஆகவே 22 குறிக்கு மேல் தாங்காது என்று கணக்குப் போட்டுக் காட்டியிருந்தீர்கள். கொம்பு, கால், புள்ளி எல்லாமே தனித்தனி என்பதால் நீளமான தலைப்புக்கு அது எந்த மூலைக்கு என்றும் கேட்டிருந்தீர்கள். முகவரியில் தலைப்பை வைக்காமல் இதழ் எண்ணும் பக்க எண்ணும் வைத்துவிடுங்கள் என்ற யோசனையை அப்படியே எடுத்துக்கொண்டேன். பதிவின் கீழ் 'நான்' என்று மட்டும் இருக்கிறது. சுயவிவரப் பக்கம் திறக்கவில்லை, மின்னஞ்சலும் இல்லை.

தளத்தில் 'உதவியவர்கள்' என்று ஒரு பக்கம் இருக்கிறது. எல்லார் பெயரும் ஏறிவிட்டது, ஆசிரியரின் மகளே சரிபார்த்தார். உங்கள் வரியில் மட்டும் 'ஒரு வலைப்பதிவர்' என்று போட்டு வைத்திருக்கிறோம். இதைப் படித்தால் ஒரு வரி எழுதுங்கள், என்ன பெயர் போட வேண்டும் என்று சொன்னால் அன்றைக்கே மாற்றிவிடுகிறேன். புனைபெயரானாலும் சரி.

அன்புடன்,
திண்டுக்கல்லிலிருந்து உங்கள் வாசகன்