உயிரியல் பூங்காவின் பலகைகள் எதைச் சொல்ல வேண்டும்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அரையாண்டுத் தேர்வு முடிந்தால் பள்ளிப் பேருந்துகள் வண்டலூருக்கு வரிசைகட்டும். பிள்ளைகள் நோட்டில் எழுதிக்கொண்டு திரும்புவது என்ன? விலங்கின் அறிவியல் பெயர், ஆயுள், கர்ப்ப காலம். இதெல்லாம் செல்போனில் அரை நிமிடத்தில் கிடைக்கும். அந்த விலங்குக்கு நம் ஊரில் யாரால் ஆபத்து, எந்தப் பழக்கத்தால் ஆபத்து, அதற்குப் பதில் என்ன செய்வது என்பதை விலங்கைக் கண்ணெதிரே வைத்துக்கொண்டு சொல்லக்கூடிய இடம் உயிரியல் பூங்கா ஒன்றுதான். நாட்டின் பல பூங்காக்களில் அந்த வாய்ப்பு வீணாகிறது என்பது இத்துறையில் உள்ள எங்கள் கருத்து.

1855இல் சென்னை நகருக்குள் தொடங்கி, 1985இல் வண்டலூருக்கு இடம்பெயர்ந்த அறிஞர் அண்ணா உயிரியல் பூங்காவுக்கு இன்று 602 ஹெக்டேர் நிலம் இருக்கிறது. கம்பிக்குப் பதில் அகழி, காட்டை ஒத்த திறந்தவெளி என்று அமைப்பும் நன்றாகவே இருக்கிறது. பார்ப்பவர் மனதில் விலங்குகள்மீது பரிவை வளர்ப்பது பூங்காக்களின் கடமை என்று 1998ஆம் ஆண்டின் தேசிய உயிரியல் பூங்காக் கொள்கையும் சொல்கிறது. குறை, அகழிக்கு இந்தப் பக்கம் நிற்கும் நமக்குச் சொல்லப்படும் செய்தியில்.

இரண்டு குரங்குகளை எடுத்துக்கொள்வோம். சோலைமந்தி என்கிற சிங்கவால் குரங்கும், கருமந்தி என்கிற நீலகிரி மந்தியும் மேற்குத் தொடர்ச்சி மலைக்கே உரியவை. இரண்டும் கறுப்பு என்பதால் பலருக்கு வித்தியாசம் தெரிவதில்லை. முகத்தைச் சுற்றிச் சாம்பல் நிறப் பிடரியும், நுனியில் குஞ்சம் வைத்த குட்டை வாலும் இருந்தால் சோலைமந்தி. தலைமயிர் பொன்பழுப்பாகவும் வால் நீளமாகவும் இருந்தால் கருமந்தி. சோலைமந்திக்குக் கன்னத்தில் பை உண்டு. பழத்தையும் பூச்சியையும் அதில் அடக்கிக்கொண்டு ஓடிவிடும். கருமந்திக்கு அந்தப் பை கிடையாது. அதன் பிரதான உணவு இலை. இரைப்பை பல அறைகளாகப் பிரிந்து, உள்ளே உள்ள நுண்ணுயிரிகள் இலையைப் புளிக்கவைத்துச் செரிக்கும். அந்த வயிற்றுக்குள் பிஸ்கட்டும் வாழைப்பழமும் அளவுமீறிப் போனால் சர்க்கரை வேகமாகப் புளித்து, அமிலம் கூடி, வயிறு உப்பி உயிருக்கே ஆபத்தாகும். ‘உணவளிக்காதீர்’ என்று சிவப்பில் எழுதுவதைவிட இந்தக் காரணத்தை மூன்று வரியில் எழுதினால் கை தானாகப் பின்வாங்கும்.

அதே பலகை இன்னும் இரண்டு விஷயங்களைச் சொல்ல வேண்டும். ‘கருங்குரங்கு லேகியம்’ என்ற மருந்து செய்வதற்காகக் கருமந்தி வேட்டையாடப்பட்டது. ஆஸ்துமாவுக்கு நல்லது, உடம்புக்குத் தெம்பு என்ற நம்பிக்கைக்கு மருத்துவ ஆதாரம் ஏதுமில்லை. வால்பாறைச் சாலையில் சோலைமந்திகள் வண்டியில் அடிபடுகின்றன. காடு துண்டுபட்டதால் சாலையைத் தரைவழியே கடக்க வேண்டியிருப்பது ஒரு காரணம். அதற்காக அங்கே மரத்துக்கு மரம் தொங்குபாலம் கட்டியிருக்கிறார்கள். சுற்றுலா வண்டிகள் நின்று தின்பண்டம் வீசுவது மற்றொரு காரணம். வண்டலூரில் சோலைமந்தியைப் பார்க்கும் குடும்பம் மே மாதம் வால்பாறைக்குப் போகக்கூடிய குடும்பம்தான். வண்டியை நிறுத்தாதீர்கள் என்று அதற்குச் சொல்ல இதைவிடப் பொருத்தமான இடம் கிடையாது.

பலகையின் அளவும் முக்கியம். ஒரு விலங்கின் முன் பெரும்பாலோர் நிற்பது ஓரிரு நிமிடம். அதில் படிப்பதற்குச் செலவிடுவது சில நொடிகள். எனவே தமிழில் ஐம்பது அறுபது சொற்களுக்கு மேல் வேண்டாம். ஒன்றரை மீட்டர் தூரத்திலிருந்து படிக்க, தலைப்பெழுத்து இரண்டு சென்டிமீட்டருக்கும் உடலெழுத்து எட்டு மில்லிமீட்டருக்கும் குறையக்கூடாது. ஆங்கில எழுத்துக்குப் போதுமான அளவிலேயே தமிழையும் அச்சடித்தால் ண, ஞ, ணை போன்றவற்றின் சுழிகள் அடைத்துக்கொள்ளும். பலகையைத் தூணில் ஆளுயரத்துக்கு மாட்டாமல், தரையிலிருந்து எண்பது சென்டிமீட்டர் உயரத்தில் சாய்வாக வைத்தால் மூன்றாம் வகுப்புப் பிள்ளையும் படிக்கும். பளபளப்பான தாள் வெயிலில் கண்ணைக் கூசும்; மங்கல் பூச்சு நல்லது. வெயிலில் முதலில் வெளிறுவது சிவப்பு மை. எச்சரிக்கை வரியைச் சிவப்பில் அச்சடித்துவிட்டு, இரண்டு கோடை கழித்து அந்த வரி மட்டும் காணவில்லை என்று வருந்துவது பல இடங்களில் நடக்கிறது.

கிளிக்கூண்டு இன்னொரு நல்ல வாய்ப்பு. 1972ஆம் ஆண்டு வனவிலங்கு பாதுகாப்புச் சட்டப்படி நம் நாட்டுப் பச்சைக்கிளியைப் பிடிப்பதும் விற்பதும் வீட்டில் வளர்ப்பதும் குற்றம். இதை மட்டும் சொல்லி நிறுத்தினால் விபரீதம்: பயந்துபோன குடும்பம் கிளியை மொட்டைமாடியில் திறந்துவிடும். இறகு வெட்டப்பட்ட, இரை தேடத் தெரியாத கிளி காக்கைக்கோ பூனைக்கோ இரையாகும். அதனால் ‘வனத்துறையிடம் ஒப்படையுங்கள்’ என்ற அடுத்த வரியும் அதே பலகையில் இருந்தாக வேண்டும். பிள்ளைகள் தவறாமல் கேட்கும் கேள்வி, லவ் பேர்ட்ஸ் வளர்க்கலாமா என்பது. நம் ஊரில் அப்படி அழைக்கப்படும் பட்ஜரிகர், ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த, கூண்டிலேயே தலைமுறை தலைமுறையாகப் பெருகிய பறவை. இந்தத் தடை அதற்குப் பொருந்தாது. ஆனால் வெளிநாட்டுப் பறவைகளில் சிலவற்றைப் பதிவு செய்தாக வேண்டும் என்பதையும் வழிகாட்டி சொல்லிவிட வேண்டும்.

பாம்புப் பகுதியில் மண்ணுளிப் பாம்பைக் காட்டி, அதற்கு இரண்டு தலை இல்லை, வால் மழுங்கலாக இருப்பதால் அப்படித் தெரிகிறது என்று விளக்கினால், லட்சக்கணக்கில் விலைபோகும் என்று நம்பி ஏமாறுவோர் குறைவார்கள். கொம்பேறி மூக்கன் கடித்துவிட்டு மரத்தில் ஏறிச் சுடுகாட்டுப் புகையைப் பார்க்கும் என்ற கதை இன்றும் உயிரோடு இருக்கிறது. அதன் கடியால் மனிதருக்கு ஆபத்தில்லை. கட்டுவிரியன் விஷயம் வேறு. அது இரவில் வீட்டுக்குள் வந்து, தரையில் படுத்திருப்பவரைக் கடிக்கும். வலி பெரிதாகத் தெரியாது. பாயின் கீழ் நன்றாகச் செருகிய கொசுவலை உயிர் காக்கும். கடிபட்டால் கட்டுப்போடாமல், கீறாமல், உறிஞ்சாமல், அந்தக் கையையோ காலையோ அசைக்காமல் அரசு மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

இனி வெள்ளைப்புலி. கூட்டம் அதிகம் சேரும் இடம் அது. சொல்லவேண்டியது சொல்லப்படாத இடமும் அதுவே. வெள்ளைப்புலி தனி இனம் அல்ல. வங்கப் புலியில் ஒரு மரபணு மாற்றத்தால் வரும் நிறம். தாய், தந்தை இருவரிடமிருந்தும் அந்த மரபணு வந்தால்தான் வெளிப்படும் ஒடுங்கு பண்பு. 1951இல் இன்றைய மத்தியப் பிரதேசத்தின் ரேவா பகுதியில் பிடிக்கப்பட்ட மோகன் என்ற ஆண்புலியை, சாதாரண நிறப் பெண்புலியுடன் சேர்த்தபோது எல்லாக் குட்டிகளும் சாதாரண நிறத்தில் பிறந்தன. பிறகு மோகனை அதன் மகளான ராதாவுடன் சேர்த்தார்கள். 1958இல் நான்கு வெள்ளைக் குட்டிகள் பிறந்தன (மெண்டல் கணக்கில் பாதிதான் எதிர்பார்க்கலாம், நான்குமே வெள்ளையாகப் பிறந்தது தற்செயல்). இன்று உலகப் பூங்காக்களில் உள்ள வெள்ளைப்புலிகளில் பெரும்பாலானவை அந்த வழி வந்தவை. நிறத்துக்காக நெருங்கிய உறவுக்குள்ளேயே இனப்பெருக்கம் செய்ததால் பிறவிக் குறைபாடுகள் கூடின. மாறுகண் இந்த நிறத்தோடு சேர்ந்தே வருகிறது: கண்ணிலிருந்து மூளைக்குச் செல்லும் நரம்பு இழைகளில் ஒரு பகுதி வழிமாறிப் போவதே காரணம். காட்டில் புலியைக் காப்பதற்கு வெள்ளைப்புலியைப் பெருக்குவதால் பயன் ஏதுமில்லை. பத்தாம் வகுப்பு மரபியல் பாடத்துக்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது. வேலியருகே ஒரு கட்டப்படம் வரைந்து வைத்தால் போதும்.

பள்ளிகளுக்கும் ஒரு வார்த்தை. 602 ஹெக்டேரையும் ஒரே நாளில் சுற்றிக்காட்டும் திட்டத்தைக் கைவிடுங்கள். காலை ஒன்பது மணிக்கே உள்ளே வந்து, முதலில் குரங்குகளிடம் போங்கள். அவை சுறுசுறுப்பாக இருக்கும் நேரம் அது. பன்னிரண்டு பிள்ளைகளுக்கு ஒரு பெரியவர். மூன்று மணி நேரத்தில் ஐந்து அல்லது ஆறு இடம். அதில் ஓரிடத்திலாவது பத்து நிமிடம் நின்று, நிமிடத்துக்கு ஒருமுறை அந்த விலங்கு தின்கிறதா, நடக்கிறதா, படுத்திருக்கிறதா, பேன் பார்க்கிறதா என்று கட்டத்தில் குறிக்கச் சொல்லுங்கள். நான்கு பேருக்கு ஒரு தாள்: ஒருவர் கடிகாரம், ஒருவர் பேனா, இருவர் கண். கத்தினால் விலங்கு உள்ளே போய்விடும், தாள் காலியாகும் என்பதால் பிள்ளைகளே ஒருவரையொருவர் அடக்குவார்கள். மதியம் புலி தூங்கினால் ஏமாற்றப்பட்டதாக நினைக்கவேண்டாம். அதன் நாளில் பெரும்பகுதி ஓய்வுதான். அதையும் தாளில் குறிக்கலாம்.

கால்தடம் வார்ப்பது எளிதான கைவேலை. ஈரமணல் தட்டில் புலி, நாய் மாதிரிப் பாதங்களை அழுத்தி, இரண்டு பங்கு பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் பொடியை ஒரு பங்கு தண்ணீரில் தூவிக் கலக்கி ஊற்றினால் அரை மணியில் இறுகும். பொடியின்மேல் தண்ணீரை ஊற்றினால் கட்டி தட்டும். தண்ணீர் கூடினால் வார்ப்பு உடையும். மிச்சத்தைத் தொட்டியில் கொட்டினால் குழாய் அடைக்கும். நாயின் தடத்தில் நகம் பதியும், புலி, சிறுத்தையின் தடத்தில் பொதுவாகப் பதியாது. ஊரில் சிறுத்தை வந்ததாக வதந்தி பரவும்போது இது கைகொடுக்கும்.

பயன் விளைந்ததா என்று அறிய, வெளியேறும் வாசலில் ‘வீட்டில் எதை மாற்றப் போகிறீர்கள்?’ என்று ஒரு கேள்வி, ஆறு வாரம் கழித்து வகுப்பில் அதே கேள்வி. வினாடி வினாவும் ஓவியப் போட்டியும் இருந்துவிட்டுப் போகட்டும்.

தங்கள் நாளிதழிடம் ஒரு வேண்டுகோள். பூங்காவில் வெள்ளைப்புலி குட்டி போட்ட செய்தி வரும்போது, படத்தின் கீழே மோகன், ராதா வரலாற்றை நான்கு வரியில் சேர்த்து அச்சிடுங்கள். மாணவர் பகுதியில் அக்டோபர் முதல் வாரம், வனவிலங்கு வாரத்தையொட்டி, மேலே சொன்ன கட்டத்தாளை அரைப்பக்கத்துக்கு வெளியிட்டால் பள்ளிகள் அப்படியே நகலெடுத்துக்கொள்ளும். செவ்வாய்க்கிழமை பூங்காவுக்கு வார விடுமுறை என்பதையும் அதன் அடியில் போட்டுவிடுங்கள்.

இப்படிக்கு,
வனவிலங்குக் கல்வியாளர்கள் குழுவினர்,
வண்டலூர்.