கச்சான் தின்ற ஒரு மணி நேரம்

பாம்பன்

அன்பு மகனுக்கு,

அப்பா எழுதுவது. நீ அனுப்பிய விமானச் சீட்டைப் பார்த்ததிலிருந்து உன் அம்மாவுக்கு நிம்மதியில்லை. லண்டனில் பகல் 1.30 மணிக்கு ஏறி மறுநாள் விடியற்காலை 5 மணிக்குச் சென்னையில் இறங்குகிறாய். திரும்பும்போதோ காலை 7 மணிக்கு ஏறி அன்றைக்கே பகல் 12.30-க்கு லண்டன் போய்ச் சேருகிறாய். போவதற்கு ஐந்தரை மணி நேரம், வருவதற்கு மட்டும் பதினைந்தரையா, பிள்ளையை எங்கெங்கே சுற்றிக்கொண்டு வருகிறார்கள் என்று கேட்கிறாள்.

சீட்டில் இருப்பவை அந்தந்த ஊர்க் கடிகார நேரங்கள். பூமி மணிக்கு 15 பாகை சுழல்கிறது. நம் நேரம் கிழக்கே 82.5 பாகைக் கோட்டையும், லண்டன் நேரம் 0 பாகைக் கோடான கிரீன்விச்சையும் ஒட்டியது என்பதால், குளிர்காலத்தில் ஐந்தரை மணி வித்தியாசம். (கோடையில் அங்கே முள்ளை முன்னே தள்ளிவிடுவதால் நாலரை.) வரும்போது அதைக் கழித்தும் போகும்போது கூட்டியும் பார்த்தால் 10 மணி நேரமும் 11 மணி நேரமும் வருகின்றன. அப்படியும் அவள் விடவில்லை. தூரம் ஒன்றுதானே, அந்த ஒரு மணி நேரம் எங்கே போயிற்று என்றாள். நல்ல கேள்விதான்.

நீ பள்ளியில் படித்தபோது வாங்கிய உலக உருண்டையைப் பரணிலிருந்து இறக்கி, வலைக்கு வைத்திருந்த தங்கூஸ் நூலைச் சென்னைக்கும் லண்டனுக்கும் இடையே விறைப்பாக இழுத்துப் பிடித்தேன். சுவர்ப்படத்தில் கோடு போட்டால் பாரசீக வளைகுடா வழியே போகிறது. உருண்டையிலோ நூல் தானாகவே வடக்கே ஏறி, பாதி வழியில் காஸ்பியன் கடலைத் தொட்டது. அதுதான் மெய்யான குறுக்குவழி. அந்த நூலை அப்படியே நிலநடுக்கோட்டின் மேல் வைத்து எண்ணினால் ஏறத்தாழ 74 பாகை. பாகைக்கு 60 கடல் மைல் என்பது படகு ஓட்டியவனுக்குத் தெரியாதா? 4,440 கடல் மைல்; 1.852-ஆல் பெருக்கினால் சுமார் 8,220 கிலோமீட்டர். விமானம் மணிக்கு 900 கிலோமீட்டர் போனால் ஒன்பது மணி நேரத்துக்குச் சற்று மேல் ஆகும்.

இனிதான் காற்று. பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்கே ஓடும் அந்த வேகக்காற்று, நம் கடலில் மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்றின் அண்ணன் என்று வைத்துக்கொள். குளிர்காலத்தில் அதற்கு வலு அதிகம். கச்சானை எதிர்த்துப் போனால் டீசல் எப்படித் தீரும் என்பதை நீயே பார்த்திருக்கிறாய். வழி நெடுகச் சராசரியாக 50 கிலோமீட்டர் வேகத்தில் வீசுகிறது என்று வைத்தால், போகும்போது வேகம் 850 ஆகக் குறைந்து 9 மணி 40 நிமிடமும், வரும்போது 950 ஆகக் கூடி 8 மணி 39 நிமிடமும் ஆகும். அம்மா தேடிய ஒரு மணி நேரம் அங்கே இருக்கிறது.

மீதி நேரம் தரையில் ஊர்வதற்கும், ஏறி இறங்குவதற்கும், சுற்றுவழிக்கும். என் நூல் உக்ரைன் மேலே போகிறது. அந்த வான்வெளியைப் பயணிகள் விமானங்களுக்கு 2022 பிப்ரவரியில் மூடிவிட்டார்கள்.

சென்னையில் இறங்கியபின் எழும்பூரில் ரயிலேறினால், இங்கே வர இன்னும் ஓர் இரவு முழுவதும் ஆகும் என்ற கணக்கை அவளிடம் நான் எடுக்கவில்லை. அங்கிருந்து மதுரைக்கு விமானம் மாற முடியுமா என்று பார்த்து எழுது. கார் எடுத்துக்கொண்டு வந்துவிடுகிறேன்.

அன்புடன்,
அப்பா