நடைபாதைக்குக் குறுக்கே தட்டு பறக்கலாமா?

ஆசிரியருக்கு வணக்கம்.

ஊட்டி அருகே ஒரு கல்லூரி வளாகத்தில் டிஸ்க் கோல்ஃப் ஆட இடம் அமைத்திருக்கிறார்கள். மாணவர்களோடு நானும் ஆடிப் பார்த்தேன். பந்துக்குப் பதில் பிளாஸ்டிக் தட்டு, குழிக்குப் பதில் சங்கிலி தொங்கும் இரும்புக் கூடை. குறைந்த வீச்சில் முடிப்பவருக்கே வெற்றி. 1970களில் அமெரிக்காவின் எட் ஹெட்ரிக் வடிவமைத்த கூடை இது.

மரம் வெட்டாமல், சரிவை மட்டப்படுத்தாமல் அமைத்ததற்குச் சபாஷ். கற்பூர மரங்களுக்கு நடுவே வளைத்து எறிய வேண்டிய நான்காவது கூடை அருமை. 2,000 மீட்டருக்கு மேல் காற்று அடர்த்தி குறைவு. வலது கைக்காரர் வழக்கம்போல் வீசும் தட்டு, சமவெளியைவிடச் சீக்கிரமே இடப்பக்கம் சாய்ந்து இறங்கிவிடும். கோவைப் பையன்கள் இதில்தான் திணறினார்கள்.

ஏழாவது கூடைதான் சரியில்லை. விடுதியிலிருந்து நூலகம் போகும் பாதைக்குக் குறுக்கே எறிய வேண்டும். மூடுபனி இறங்கினால் எதிரே வருவது யாரென்றே தெரியாது. 170 கிராம் தட்டு வேகமாக வந்து நெற்றியில் பட்டால் தையல்தான். எறியும் இடத்தைத் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் திருப்பினால் போதும், பெரிய செலவில்லை. அந்த இடமும் வெறும் மண், மழையில் வழுக்குகிறது. ரப்பர் பாய் போடலாம்.

அப்புறம், தேயிலைத் தோட்டத்து ஓரக் கூடையருகே மாலையில் காட்டெருமை மேய வருகிறது. அங்கே ஒரு எச்சரிக்கைப் பலகை அவசியம்.

இவற்றைச் சரிசெய்துவிட்டு, ஞாயிறுகளில் பக்கத்து அரசுப் பள்ளிப் பிள்ளைகளையும் ஆட விடுவார்களா?

ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியர்,
குன்னூர்