குறைவாக ஓடும் வண்டிக்கும் வயதாகிறது

அன்புள்ள நண்பனுக்கு,

வணக்கம். உன் கடிதம் கிடைத்தது. பணி ஓய்வுக்குப் பிறகு உன் உடல்நலம் சீராக இருப்பதையும், பேரனுக்கு நீயே கணக்குச் சொல்லிக்கொடுப்பதையும் படித்து மனம் நிறைந்தது. இங்கு அனைவரும் நலமாக இருக்கிறோம். என் மகள் ஓட்டுநர் உரிமம் பெற்றுவிட்டாள். ஸ்டியரிங்கைப் பிடிக்கும் முன் பானட்டைத் திறந்து பார்க்கப் பழக வேண்டும் என்று நான் உறுதியாகச் சொல்லியிருந்ததால், இப்போது வாரம் ஒருமுறை அவளே ஆயில் அளவையும் இன்ஜினைக் குளிர்விக்கும் திரவமான கூலன்ட்டின் அளவையும் பார்த்துவிட்டு என்னிடம் வந்து சொல்கிறாள்.

உன் கடிதத்தின் ஒரு வரியில் மட்டும் என் மனம் தங்கிவிட்டது. “இப்போது கார் அதிகம் ஓடுவதில்லை, கடைக்குப் போய்வருவதோடு சரி, ஆகையால் இரண்டு ஆண்டுகளாக சர்வீஸுக்கு விடவில்லை” என்று எழுதியிருந்தாய். உன்னைப் போல் நினைப்பவர்கள் ஏராளம். ஆனால் காரில் ஓடுவதால் தேய்பவை ஒரு வகை, காலத்தால் கெடுபவை வேறொரு வகை. பிரேக் பேட், கிளட்ச், டயரின் மேற்பட்டை ஆகியவை ஓட ஓடத்தான் தேயும். இன்ஜின் ஆயில், பிரேக் ஆயில், கூலன்ட், பேட்டரி, ரப்பரால் ஆன எந்தப் பாகமும் வண்டி சும்மா நின்றாலும் கெட்டுக்கொண்டே இருக்கும். வண்டியோடு தரப்படும் கையேட்டில் ஒவ்வொரு பராமரிப்புக்கும் இத்தனை கிலோமீட்டர் அல்லது இத்தனை மாதம், இவற்றில் எது முந்துகிறதோ அது என்று குறிப்பிட்டிருப்பது இதனால்தான். கிலோமீட்டர் கணக்கை எல்லாரும் நினைவில் வைத்துக்கொள்கிறார்கள். மாதக் கணக்கைத்தான் கோட்டை விட்டுவிடுகிறார்கள்.

எனக்கு முதல் கவலை உன் பிரேக் ஆயிலைப் பற்றியதே. பெரும்பாலான கார்களில் இருக்கும் இந்தத் திரவத்துக்குக் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் குணம் உண்டு. ரப்பர் குழாய்களின் சுவர் வழியாகவும் தொட்டியின் மூடி வழியாகவும் ஈரம் மெல்ல மெல்ல உள்ளே சேரும். அதற்கு வண்டி ஓட வேண்டும் என்ற அவசியமே இல்லை. டாட் 4 என்ற தரத்தில் உள்ள திரவம் புதிதாக இருக்கும்போது 230 டிகிரி செல்சியஸுக்குக் குறைந்து கொதிக்கக் கூடாது என்பது விதி. அதே திரவத்தில் ஏறத்தாழ நாலு சதவீதம் தண்ணீர் சேர்ந்த நிலைக்கு அந்தத் தரம் கேட்கும் குறைந்தபட்சக் கொதிநிலை 155 டிகிரிதான். சமவெளியில் மெதுவாகச் செல்லும்போது இந்த வேறுபாடு தெரியவே தெரியாது. நீண்ட இறக்கத்தில், வண்டி நிறைய ஆட்களோடும் மூட்டைகளோடும் இறங்கும்போது, பிரேக் தொடர்ந்து சூடேறி, திரவம் கொதித்து ஆவிக் குமிழ்கள் உண்டாகின்றன. திரவம் அழுத்தினால் சுருங்காது, ஆவி சுருங்கிவிடும். ஆகவே மிதித்த மிதி சக்கரத்துக்குப் போய்ச் சேராமல் பெடல் தரைவரை இறங்கிவிடுகிறது. அந்த நொடிவரை பிரேக் நன்றாகவே பிடித்துக்கொண்டிருந்திருக்கும் என்பதுதான் இதிலுள்ள ஆபத்து. ஆகவே பொதுவாக இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை பிரேக் ஆயிலை முழுவதும் மாற்றிவிடச் சொல்கிறார்கள். சென்ற முறை சர்வீஸின்போது மெக்கானிக் பழைய திரவத்தை ஒரு கண்ணாடிக் குடுவையில் பிடித்துப் புதியதன் பக்கத்தில் வைத்துக் காட்டினார். புதியது வெளிர் மஞ்சளாகத் தெளிந்திருந்தது, பழையது காப்பி டிக்காஷன் போல் கறுத்திருந்தது. நிறத்தை மட்டும் வைத்து முடிவு செய்துவிட முடியாது என்று அவரே சொன்னார். ஈரத்தின் அளவைப் பார்க்கத் தனிக் கருவி உண்டு, பெரும்பாலான பட்டறைகளில் அதை வைத்திருப்பார்கள்.

இதையொட்டி இன்னொன்றும் சொல்ல வேண்டும். பிரேக் ஆயில் தொட்டியில் அளவு குறைந்திருப்பதைக் கண்டால் உடனே ஊற்றி நிரப்பிவிடாதே. பிரேக் பேட் தேயத் தேய அந்த அளவு தானாகவே சிறிது இறங்கும். எனவே குறைவது பேடைப் பார்க்கச் சொல்லும் முன்னறிவிப்பு. பேடில் உராயும் பகுதி மூன்று மில்லிமீட்டர் அளவுக்கு வந்துவிட்டால் மாற்றிவிடுவது நல்லது. பேட் தேயாமல் அளவு மட்டும் இறங்குகிறது என்றால் எங்கோ கசிகிறது என்று பொருள். அப்போது வண்டியை எடுக்கவே கூடாது. நாள்கணக்கில் நின்ற வண்டியை எடுக்கும்போது முதல் சில மிதிகளில் கரகரவென்று கேட்பது டிஸ்கில் படிந்த மேல் துரு. அது உடனே நின்றுவிடும், அதைப் பற்றிக் கவலை வேண்டாம்.

அடுத்தது டயர். உன் வண்டி டயர்களில் பட்டன், அதாவது சாலையைத் தொடும் மேற்பட்டையின் புடைப்பு, இன்னும் ஆழமாகவே இருக்கிறது என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் நீ பார்க்க வேண்டியது பக்கச் சுவரை. நல்ல வெளிச்சத்தில் குனிந்து, சுவர் ரிம்மைத் தொடும் இடத்திலும் பட்டன்களின் இடுக்கிலும் விரலால் தடவிப் பார். மயிரிழை போன்ற வெடிப்புகள் தென்பட்டால், ரப்பர் வறண்டுவிட்டது என்று தெரிந்துகொள். அதே பக்கச் சுவரில் டாட் (DOT) என்ற ஆங்கில எழுத்துகளில் தொடங்கும் நீண்ட குறியீட்டின் இறுதியில் நான்கு இலக்கங்கள் ஒரு சிறு நீள்வட்டத்துக்குள் இருக்கும். அவை டயர் தயாரான வாரத்தையும் ஆண்டையும் குறிக்கும். 2319 என்றிருந்தால் அது 2019ஆம் ஆண்டின் 23ஆம் வாரத்தில் தயாரானது. ஒரு பக்கச் சுவரில் முழு எண்ணும் இல்லையென்றால் மறுபக்கச் சுவரில் இருக்கும். பட்டன் எவ்வளவு ஆழம் இருந்தாலும் பத்து ஆண்டுகளைக் கடந்த டயரைப் பயன்படுத்தக் கூடாது என்றே டயர் நிறுவனங்கள் சொல்கின்றன. சில கார் நிறுவனங்கள் ஆறு ஆண்டிலேயே மாற்றச் சொல்கின்றன. ஸ்டெப்னிக்கும் இதே கணக்குத்தான். ஒருநாள்கூட ஓடாத ஸ்டெப்னி புதியது என்று நம்பி, பழைய ரப்பரில் நெடுஞ்சாலையில் வேகம் எடுப்பவர்களை நினைத்தாலே எனக்குப் பதைப்பாக இருக்கிறது.

காற்றழுத்தத்தை மாதம் ஒருமுறையாவது, நெடும் பயணத்துக்கு முன் கட்டாயமாகவும், டயர் குளிர்ந்திருக்கும்போது பார்க்க வேண்டும். ஓடிச் சூடேறிய டயரில் அழுத்தம் கூடுதலாகக் காட்டும் என்பதால் அப்போது காற்றை இறக்கிவிட்டால் பிறகு குறைவாகிவிடும். எவ்வளவு வைக்க வேண்டும் என்பது ஓட்டுநர் கதவைத் திறந்தால் தெரியும் தூணில் அல்லது எரிபொருள் மூடியின் உட்புறத்தில் ஒட்டியிருக்கும் தாளில் அச்சிட்டிருக்கும். டயரின்மேல் பொறித்திருப்பது அது தாங்கக்கூடிய உச்ச அளவு, அதை வைத்துக் காற்று நிரப்பக் கூடாது. டயரின் இரு ஓரமும் தேய்ந்திருந்தால் காற்றுக் குறைவு, நடுப்பகுதி தேய்ந்திருந்தால் காற்று மிகுதி, ஒரே ஓரம் தேய்ந்திருந்தால் பெரும்பாலும் வீல் அலைன்மென்ட், அதாவது சக்கரங்கள் நிற்கும் கோணம், சரியில்லை. வண்டியைப் பற்றி இவ்வளவு தெளிவாகப் பேசும் வேறு பாகம் இல்லை என்பது என் எண்ணம்.

இன்ஜின் ஆயிலுக்கு வருகிறேன். கடைவரை போய்த் திரும்பும் சிறு பயணம் இன்ஜினுக்கு இதமானது என்று தோன்றும். உண்மையில் அதுதான் கடுமையான உபயோகம். இன்ஜின் முழுச் சூட்டை அடைவதற்குள் அணைத்துவிடுவதால், எரிதலில் உண்டாகும் நீராவியும் சிறிது பெட்ரோலும் ஆயிலில் கலந்து, ஆவியாகி வெளியேற வழியின்றி அங்கேயே தங்கிவிடுகின்றன. பல கையேடுகள் இத்தகைய ஓட்டத்துக்கு ஆயில் மாற்றும் இடைவெளியைக் குறைத்தே தருகின்றன. அதிகம் ஓடாத வண்டிக்கும் ஆண்டுக்கு ஒருமுறை ஆயிலும் ஃபில்டரும் மாற்றுவது இன்றியமையாதது. அளவு பார்க்கும்போது வண்டி சமதரையில் நிற்க வேண்டும், இன்ஜினை அணைத்துச் சில நிமிடங்கள் ஆகியிருக்க வேண்டும். அளவு காட்டும் கம்பியான டிப்ஸ்டிக்கை உருவித் துடைத்து மீண்டும் செருகி எடுத்தால் இரண்டு குறிகளுக்கு நடுவே ஆயில் தெரிய வேண்டும். மேல் குறியைத் தாண்டி ஊற்றுவதும் தவறே. இன்ஜினுக்குள் சுழலும் கிராங்க் தண்டு ஆயிலைக் கடைந்து நுரையாக்கிவிடும், நுரை பாகங்களுக்கு மசகாகாது. ஓட்டும்போது சிவப்பு ஆயில் விளக்கு எரிந்தால் பட்டறைவரை போய்விடலாம் என்று எண்ணாமல் பாதுகாப்பாக ஓரம் கட்டி உடனே இன்ஜினை அணைத்துவிடு. அது ஆயிலின் அழுத்தம் விழுந்துவிட்டதைச் சொல்லும் விளக்கு. அணைக்காமல் ஓட்டினால் ஒரு சில நிமிடத்தில் இன்ஜின் சுழல முடியாமல் இறுகிவிடும்.

பேட்டரியைப் பற்றி நீ எழுதியிருந்த பழக்கத்தை மாற்றிக்கொள். தினமும் காலையில் ஸ்டார்ட் செய்து ஐந்து நிமிடம் ஓடவிட்டு அணைப்பதால் பேட்டரிக்கு நன்மை இல்லை. ஸ்டார்ட் செய்யச் செலவானதே திரும்ப ஏறாமல் போகலாம், ஆயிலில் ஈரம் சேர்வதுதான் மிச்சம். அதற்குப் பதிலாக வாரம் ஒருமுறை அரை மணி நேரத்துக்குக் குறையாமல் சாலையில் நல்ல வேகத்தில் ஓட்டிவிட்டு வா. முழுதும் ஏறிய பேட்டரி, வண்டி நின்று சில மணி நேரம் கழித்து அளந்தால், 12.6 வோல்ட் அளவில் காட்டும்; 12.2 அளவுக்கு இறங்கினால் ஏறத்தாழப் பாதிதான் மீதம். டெர்மினலில் வெண்மையாகவோ பச்சையாகவோ பூத்திருந்தால் சுத்தம் செய். கழற்றும்போது நெகட்டிவ் கம்பியை முதலிலும் மாட்டும்போது கடைசியிலும் கையாள வேண்டும்.

கூலன்ட் என்ற பெயரில் வெறும் தண்ணீர் ஊற்றும் வழக்கம் இன்னும் பலரிடம் இருக்கிறது. கூலன்ட் கொதிநிலையை உயர்த்துவதோடு, உள்ளே துருப் பிடிக்காமலும் காக்கிறது. அந்தக் காப்பும் ஆண்டுகள் செல்லச் செல்லத் தீர்ந்துபோகும். இன்ஜின் சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே கூடாது, உள்ளே அழுத்தத்தில் இருக்கும் கொதிநீர் முகத்தில் பாயும். இன்ஜினில் வால்வுகளின் அசைவைப் பிஸ்டனின் அசைவோடு ஒத்துப்போகச் செய்ய உன் வண்டியில் டைமிங் பெல்ட் இருக்கிறதா, செயின் இருக்கிறதா என்று கையேட்டில் பார். பெல்ட் என்றால் அதற்கும் கிலோமீட்டரோடு ஆண்டுக் கெடுவும் உண்டு. பல இன்ஜின்களில் அந்த ரப்பர் பட்டை ஓட்டத்தில் அறுந்தால் வால்வுகள் பிஸ்டனில் மோதி வளைந்துவிடும். பட்டைக்கு ஆகும் செலவு எங்கே, இன்ஜினைப் பிரிக்கும் செலவு எங்கே! ஏர் ஃபில்டர், வைப்பர் ரப்பர், விளக்குகள் ஆகியவற்றை நீயே ஒரு நோட்டம் விட்டால் போதும். நிற்கும் வண்டியின் பானட்டுக்குள் எலி புகுந்து வயரைக் கடிக்கும் என்பதால் அதையும் பார்த்துவிடு.

வண்டியை எடுக்கும் முன் உன்னிடம் கேட்டுக்கொள்வது இதுதான். ஸ்டெப்னி உட்பட ஐந்து டயர்களின் நான்கு இலக்க எண்களையும், சர்வீஸ் புத்தகத்தில் பிரேக் ஆயில் கடைசியாக மாற்றியதாகக் குறித்திருக்கும் தேதியையும், டைமிங் பெல்ட்டுக்குக் கையேடு தரும் ஆண்டுக் கணக்கையும் ஒரு தாளில் எழுதி எனக்கு அனுப்பு. எதை உடனே செய்ய வேண்டும், எது சில மாதம் பொறுக்கும் என்று பார்த்து மறுமொழி எழுதுகிறேன். பட்டறைக்குப் போகும்போது அந்தத் தாளைக் கையோடு கொண்டுபோனால், தேவையில்லாத வேலையை யாரும் உன் தலையில் கட்டவும் முடியாது.

வீட்டில் அனைவருக்கும் என் அன்பைத் தெரிவி.

என்றும் அன்புடன்,
உன் நண்பன்